சிவனம்மாளின் நூற்றிருபது

1

இந்தக் கதையில் வரும் புது டாக்டர் நான்தான். அதைக் கடைசியில் உடைக்கலாம் என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எழுதாமல் ஒளிந்திருந்தவன், எழுதியும் ஒளிவதா?

2

1962, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாணார்பட்டிக் கருப்பணன் மனைவி சிவனம்மாளைப் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தார். விடிந்ததிலிருந்து அவளுக்குத் தாடையில் வலி, உடம்பெல்லாம் வேர்வை. பதினோரு வருஷமாக அவர்களுக்கு வைத்தியம் டாக்டர் ராயப்பராஜிடம்தான். அவர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்; கதவில் பூட்டு. எதிர்வரிசையில் ஒரு புது டாக்டர் பலகை. கருப்பணனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவள் நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

3

புது டாக்டர் அலட்சியமாக அவளை ஒரு பார்வை

(இதை இப்படியே விடுகிறேன். அலட்சியம் இல்லை. இருந்திருந்தால் எழுதுவது சுலபம்.)

நாடி பார்த்தார். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றிருபது, யாருக்கும் நல்ல எண். கடைவாய்ப் பல் சொத்தை, அதுதான் வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

4

கருப்பணன் பஸ்ஸுக்குப் போகவில்லை. ராயப்பராஜிடம் காட்டாமல் எந்த மாத்திரையையும் அவளுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை. பூட்டிய கதவருகே அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கை சில்லிட்டிருந்தது. (அரை மணி நேரம் என்று எழுதினேன். அவருக்கு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.)

ராயப்பராஜ் சைக்கிளில் வந்தார். கருப்பணன் நடந்ததைச் சொல்லி, கடைசியில், "பிரசரு நல்லாருக்காம்யா. நூத்தியிருவதாம்" என்றார்.

"சிவனம்மாளுக்கா? மருந்து தின்னே நூத்தியெழுவதுக்குக் கீழ எறங்காதேப்பா."

சைக்கிள் அப்படியே சரிந்து விழுந்தது. உள்ளே கிடத்திப் பார்த்தபோது தொண்ணூறு. பல் இல்லை, இருதயம். ஊசி போட்டு, வாடகைக் காருக்கு ஆள் அனுப்பி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தானே கூடப் போனார். சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்ற என்னிடம் கார் கண்ணாடி வழியே சொன்னார்:

"ஒங்க மேல தப்பில்ல தம்பி. ஒங்களுக்கு அவள இன்னைக்குத்தான தெரியும்."

வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

அவள் பிழைத்து வருவதாக ஒரு முடிவு எழுதினேன். வராததாக ஒன்று. இரண்டிலும் என்னை மன்னித்துவிடுகிறார்கள். இரண்டையும் கிழித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்து நாள் கழித்துக் கருப்பணன் ராயப்பராஜிடம் தனியாக வந்தார். மருந்து வாங்கவும் தனியாக வருவார்கள். சாவு சொல்லிவிட்டுப் போகவும் தனியாக வருவார்கள். வெளியே வந்தவர் சற்று நின்று வெயிலைப் பார்த்தார். நான் ஜன்னலோரம் இருந்தேன். தெரு இருபதடி அகலம். நான் கடக்கவில்லை. அந்த மாதமே வத்தலக்குண்டுக்கு மாறிப் போய்விட்டேன்.

அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். நீங்கள் கடந்து போய்க் கேளுங்கள்.