மரத்தின் வலப்பாதி

நூல்கடைக்காரர் என் கைப்பேசியை வாங்கி, திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்தார். நான் கேட்டது ஒரே கேள்விதான். படத்தில் இருக்கும் இலைப்பச்சையும் என் கையில் இருந்த நூல் துண்டின் பச்சையும் ஒன்றா, வேறா? படம் என் தங்கை அனுப்பியது. வருடக் கடைசி விடுமுறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னிடம் பச்சை தீர்ந்துபோயிருந்தது. வாங்குவதே வாங்குகிறோம், அவளுடைய பச்சையோடு ஒத்துப்போகிற மாதிரி வாங்கிவிடலாமே என்று போயிருந்தேன். அவர் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மறுபடி பெரிதாக்கினார்.

“இது முடிஞ்சுபோன துணியாச்சேம்மா. எதுக்கு மேல்பக்கத்தைத் துண்டு போட்டு மூடி வச்சிருக்காங்க?”

“முடியலைங்க. மேல்பக்கம் இன்னும் பாக்கி இருக்கு. தூசி படக் கூடாதுன்னு மூடியிருப்பா.”

அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து, தான் பாதி தைத்து வைத்திருந்த துணியை எடுத்து மேஜைமேல் விரித்தார். கட்டம் கட்டமான துணியில் சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகப் போட்டு நிரப்பும் கிராஸ் ஸ்டிச் தையல்தான் அவருடையதும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

“ஒரு கலரை எடுத்தா அந்தக் கலர் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் போட்டுட்டுத்தானே அடுத்த கலரைத் தொடுவோம்? பாருங்க, ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கா? இப்படித்தான் இருக்கும். இவங்களுக்கு இலை, கிளை, வானம் எல்லாம் துண்டு மடிப்புல வந்து கோடு போட்ட மாதிரி நிக்குது. யாரும் அப்படித் தைக்க மாட்டாங்கம்மா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்க வீட்டுப் பிள்ளை எதையும் நேர்த்தியாத்தான் செய்வா” என்று சொல்லி, கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பட்டமான பொய். படுத்து எழுந்த போர்வையைக்கூட மடிக்காதவள் என் தங்கை. வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர், நாற்பத்தாறு வயதாகியும் என் கைப்பேசியில் அந்தப் பெயரில்தான் இருக்கிறாள். பச்சை நூலை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

வாலு ஒரு பெரிய கம்பெனியில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கே மட்டுமில்லை, எங்கேயும் அவள் செய்யும் வேலை அதுதான். அப்பா படுக்கையில் விழுந்த மூன்று வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவள் வரவில்லை. அவளுக்குப் பதில் ஒரு நர்ஸ் வந்தாள். “ஆள் போட்டுட்டேன்லக்கா, அப்புறம் என்ன?” என்று தொலைபேசியில் கேட்டாள். அந்த நர்ஸ் தங்கமான பெண், அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கடைசி மாதங்களில் அப்பாவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிற்று. நர்ஸைப் பார்த்து “வாலு, தண்ணி” என்பார். அவளும் “இதோ அப்பா” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். நிஜ வாலு, அப்பா போன அன்று வந்தாள், மறுநாள் காலை கிளம்பினாள். அதன் பிறகு நாலு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த மௌனத்தை உடைத்தவள் அவள்தான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். நான் கிராஸ் ஸ்டிச் போடுவதாக யாரோ சொன்னார்களாம், அவளுக்கும் கற்றுக்கொள்ள ஆசையாம், ஒரு பெரிய மரத்தின் படம் கிடைத்திருக்கிறதாம். “நீ இடப்பாதி போடு, நான் வலப்பாதி போடறேன். வருஷக் கடைசி லீவுக்கு அங்க வரேன். ரெண்டையும் சேர்த்துத் தச்சு உன் கூடத்துல மாட்டிடலாம்” என்றாள். நான் உடனே சரி சொல்லவில்லை, கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். பிறகு சொன்னேன். நடுத்தண்டில் ஒரு விரல் அகலத்தை இரண்டு பேரும் தைக்காமல் விட்டுவைப்பது, அவள் வந்ததும் பாதிகளை இணைத்து அந்த இடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவது என்று ஏற்பாடு.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைப்பேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் பிரேமைச் சரிசெய்துவிட்டு வருகிறவள் நான். வீட்டில் பேச்சுத் துணை என்று பார்த்தால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து “ம்” கொட்டும் ஒரு மனிதர். வாலுவிடம் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அப்பாவின் முதுகில் புண் வந்ததை, ஒருநாள் அவர்மேல் எரிச்சலில் கையை ஓங்கிவிட்டதை, அதற்காகக் குளியலறையில் போய் அழுததை. கையில் ஊசி இருந்ததால் வாய் திறந்தது. எதிரே முகம் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் யாரால் சொல்ல முடியும்? அவளும் அங்கே குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு, ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. “எந்தக் கலர்ல இருக்கே?” என்று நடுநடுவே கேட்பேன். “பழுப்புதான்க்கா, இது முடியவே முடியாது போலிருக்கு” என்று அலுத்துக்கொள்வாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து பாலமா கட்டறீங்க? தினம் இவ்வளவு விவரம் கேக்கறே” என்றார் என் வீட்டுக்காரர் ஒருநாள்.

முதல் மாதம் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் படம் அனுப்பத் தொடங்கினாள். நானும் அனுப்புவேன். அவள் தையல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. முதலில் பொறாமையாகக்கூட இருந்தது, பிறகு பெருமை வந்து பொறாமையைத் தள்ளிவிட்டது. கடையில் கண் சோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி போட்டது” என்று திறந்து காட்டியிருக்கிறேன். ஒரு படத்தில் கிளையில் உட்கார்ந்திருந்த பறவையின் கழுத்தை மட்டும் பெரிதாக்கி, அந்த நுணுக்கத்துக்காக யாரும் பார்க்காதபோது திரைக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அசட்டுத்தனம்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

நூல்கடையிலிருந்து வந்த அன்று பன்னிரண்டு படங்களையும் வரிசையாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே வெள்ளைத் துண்டு. வாரத்துக்கு மூன்று விரல் மேலே ஏறியிருந்தது. ஒவ்வொரு வாரமும் இலையும் கிளையும் வானமும் துண்டின் மடிப்பு வரை முழுசாக வந்து நின்றன. ஒரு படத்திலும் ஊசி இல்லை, பாதியில் தொங்கும் நூல் இல்லை. இத்தனை வருடம் தைத்தவள், கண்ணை வைத்தே பிழைக்கிறவள், எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

அன்றும் ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். “எந்தக் கலர்?” என்று கேட்டேன். “பச்சைதான்க்கா. இன்னும் நாலு இலை.” நேரடியாகக் கேட்டிருக்கலாம். கடைக்காரர் சொன்னது தப்பாக இருந்தால்? சந்தேகப்பட்டு இதையும் கெடுத்துக்கொண்டால், அடுத்த நாலு வருடம் யாரிடம் பேசுவது? அடுத்த நாள் நல்லபிள்ளையாகப் போய்ப் பச்சை வாங்கி வந்தேன். கடைக்காரரும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில் என் பாதியை முடித்தேன். கடைசி இலையைப் போடும்போதுகூட, அவள் வந்து உட்கார்ந்து நாலு தையல் போட்டுவிட்டால் போதும், அந்த நூல்கடைக்காரர் முகத்தில் கரியைப் பூசிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறையின் முதல் நாள் காலை வந்து இறங்கினாள். முடியில் நரை, இடுப்பில் சதை, சிரிப்பு மட்டும் பழைய வாலு. வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுருட்டியிருந்த துணியை எடுத்துக் கூடத்து மேஜையில் என் பாதிக்குப் பக்கத்தில் விரித்தாள். வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் கிளைகள் போய் அவள் கிளைகளோடு பிசிறில்லாமல் சேர்ந்தன. “அசத்திட்டீங்க ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டு அவர் கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் போன பிறகு இரண்டு துணிகளின் ஓரத்தையும் ஊசிகுத்தி இணைத்தேன். ஊசியையும் ஒரு முழம் பழுப்பு நூலையும் அவள் கையில் கொடுத்தேன். “கோத்துக்கோ. நடுத்தண்டை நீ ஆரம்பி.”

“நீ ஆரம்பியேன்க்கா. பெரியவ நீதானே.”

“நீதான் சொன்னே சேர்ந்து போடலாம்னு. போடு.”

ஊசியை வாங்கிக்கொண்டாள். கையை முன்னால் நீட்டினாள், தலையைப் பின்னால் சாய்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி நீட்டினாள். இதை நான் தினம் முப்பது தடவை பார்க்கிறேன். எழுத்து அட்டையைக் கையில் கொடுத்ததும் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவளால் ஒரு கட்டத்தைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. நாலு மாதம் தைத்த ஒருத்திக்கு, தனக்குக் கண்ணாடி வேண்டும் என்பது நாலாம் நாளே தெரிந்திருக்கும்.

“யாருடி தச்சது?” என்றேன்.

“என்னக்கா?” சிரித்தாள்.

“யார் தச்சதுன்னு கேட்டேன்.”

சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது, போகத் தெரியாமல். ஊசியை மேஜைமேல் வைத்தாள். “ஆபீஸ் பக்கத்துல துணி தைக்கிற ஒரு அம்மா. மூணு வாரத்துல முடிச்சுக் கொடுத்துட்டாங்க. நானும் முதல்ல முயற்சி பண்ணேன்க்கா, சத்தியமா. கட்டமே தெரியலை. தலைவலிதான் வந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நிறுத்திடுவே.”

“எதை?”

“பேசறதை.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “நான் தைக்கலைன்னு தெரிஞ்சா நீ போனை எடுத்திருப்பியா? சும்மா பேசலாம் வான்னு கூப்பிட்டா எடுத்திருப்பியா?”

எடுத்திருக்க மாட்டேன். அது உண்மைதான், உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. வாராவாரம் துண்டை மூன்று விரல் நகர்த்தி, மடிப்பை நீவிவிட்டு, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறாள். என் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியை அப்பாவிடம் காட்டியிருக்கலாம்.

“ஏழு மணிக்கு அப்ப என்ன பண்ணிட்டிருந்தே?”

“ஒண்ணும் பண்ணலை. போனை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ பேசறதைக் கேட்டுட்டிருப்பேன்.”

இதை நான் நம்ப வேண்டும். பழுப்பு என்று சொன்ன அதே வாய், பச்சை, இன்னும் நாலு இலை என்று சொன்ன அதே வாய். அப்பாவின் முதுகுப் புண்ணைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா, துணி மடித்துக்கொண்டிருந்தாளா, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தாளா? இனிமேல் எனக்கு அது தெரியவே போவதில்லை. நான் முத்தம் கொடுத்த பறவை யாரோ ஒருத்தியின் பறவை.

“அந்த அம்மா பேர் என்ன?” என்று கேட்டேன்.

“எந்த அம்மா?”

“இதைத் தச்சவங்க.”

வாலு யோசித்தாள். கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள், பிறகு வைத்துவிட்டாள். “தெரியலைக்கா. தையல்காரம்மான்னு போட்டு வச்சிருக்கேன்.”

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. மூக்கிலிருந்த என் கண்ணாடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் தெரியாமல் ஒருத்தர் எதிரே நின்றால் என் கை தானாக அதைத்தான் செய்யும்.

“போட்டுப் பாரு.”

போட்டுக்கொண்டாள். மேஜைமேல் குனிந்தாள். அவள் கொண்டுவந்த பாதியின் பக்கம் போகவில்லை, என் பாதியின் கீழ் மூலையில் தொடங்கினாள். பிறகு, “இவ்வளவு பொடிசாவா இருக்கும்?” என்றாள். குரல் மாறியிருந்தது. “ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை குத்தணுமாக்கா?” ஆள்காட்டி விரலைத் துணியின் மேல் வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுகிற மாதிரி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு ஏறினாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் ஊசியை எடுத்தேன். பழுப்பு நூலின் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கையை நீட்டினேன். ஊசி இரண்டாகத் தெரிந்தது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன், தலையைப் பின்னால் சாய்த்தேன். நூல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. என் கண்ணாடி அவள் முகத்தில் இருந்தது. கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தாள்.