அம்புக்குறி இல்லாத வாசகம்

கண்ணாடிச் சாமான் கிடங்கில் சுமை தூக்கும் அந்த மனிதருக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. முதுகில் ஏறி இறங்கிய அட்டைப் பெட்டிகளே பாடப் புத்தகம். முதலில் ‘கவனம்’ என்று படித்தார். அப்புறம் ‘உடையும்’. ‘இந்தப் பக்கம் மேலே’ என்பதைக் கூட்டிப் படிக்க ஒரு மழைக்காலம் பிடித்தது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, பக்கத்திலேயே அம்புக்குறி இருந்தது. கூட வேலை செய்தவர்கள் அவருக்குப் படிப்பாளி என்று பெயர் வைத்தார்கள். கேலிப் பெயர்தான், ஆனால் அவர் அதைக் கழற்றி வைக்கவில்லை.

கிடங்கு மேனேஜருக்குக் கொஞ்ச காலமாக வேதாந்தம் பிடித்திருந்தது. எடை மேடைக்குப் பக்கத்தில், ‘கையுறை அணியவும்’ என்று எழுதியிருந்த பலகையைத் துடைத்துவிட்டு, திங்கட்கிழமைதோறும் யாரோ ஞானி சொன்னதாக ஒரு வரி எழுதுவார். எல்லோரும் டீ டம்ளரோடு சுற்றி நிற்க வேண்டும். “என்ன புரியுது?” என்று ஒவ்வொருவராகக் கேட்பார். கட்டாயம் இல்லை என்பார். ஆனால் வாயைத் திறந்தவனுக்கு அந்த வாரம் கீழ்த்தளத்தில் வேலையும், திறக்காதவனுக்கு இரும்புப் படியேறும் வேலையும் விழுவதை எல்லோரும் கவனித்து வைத்திருந்தார்கள்.

முதல் தடவை எழுதியது, ‘உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றே.’ படிப்பாளிக்கு அதில் சிரமமே இல்லை. பெட்டிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன சரக்கு திரும்பி வந்துவிடும் என்றார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வருவது என்றால் மறுபிறவி என்று எல்லோருக்கும் விளக்கினார். படிப்பாளி சொன்னது லாரி. ஆனாலும் அவர் திருத்தப் போகவில்லை. கீழ்த்தளம் கிடைத்தது, முழங்கால் பிழைத்தது.

முழங்கால்தான் விஷயம். படி ஏறும்போது உள்ளே மணல் அரைபடுவது மாதிரி ஒரு சத்தம் வரும். லேபிள் ஒட்டும் மேஜையில் இருந்த வயதான அம்மாள், தன் மகள் வீட்டோடு போய்விட, அந்த நாற்காலி காலியானது. கிடங்கிலேயே உட்கார்ந்து செய்கிற ஒரே வேலை அது. யாருக்கு என்பதைத் திங்கட்கிழமை பலகை முன்னால் முடிவு செய்வதாக மேனேஜர் சொன்னார். போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். ஒருவர் படிப்பாளி. இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி, அவனும் அங்கேதான் சுமை தூக்கினான், அவனுக்கு இடுப்பு. வீட்டில் மனைவி தம்பியைக் கூப்பிட்டு, மாமாவுக்கு விட்டுக்கொடு என்று சொல்லிப் பார்த்தாள். மாமா வாயாலேயே ஜெயிச்சிடுவாரு, நான் விட்டுக்கொடுக்க என்ன இருக்கு என்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

திங்கட்கிழமை பலகையில், ‘நீ உடல் அல்ல, உடலைப் பார்ப்பவன்.’

படிப்பாளி தொண்டையைச் செருமினார். “பெட்டி வேற, உள்ள இருக்கிற சாமான் வேற சார். பெட்டி நசுங்கும், நனையும், கிழியும். அதைப் பார்த்துட்டு சாமானே போச்சுன்னு அழக் கூடாது. இப்ப எனக்கு முழங்கால் வலிக்குது. அது பெட்டியோட மூலை நசுங்கினது. அவ்வளவுதான்.”

ஒருவரும் டீயை உறிஞ்சவில்லை. தான் சொன்னது தனக்கே நன்றாக இருந்தது அவருக்கு. நாற்காலியின் சாய்மானத்தை முதுகில் உணர்ந்தார் என்றே சொல்லலாம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மச்சினனைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் புரியலை சார். நான் உடம்புதான். இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் வலிக்குது.”

மேனேஜர் அவன் தோளில் கை வைத்தார். “பாவம், நீ இன்னும் உடம்புலயே கிடக்கறே. நாற்காலி உனக்குத்தான்.” பிறகு படிப்பாளியைப் பார்த்துக் கும்பிட்டார். “உங்களுக்கு எதுக்குங்க நாற்காலி? நீங்க எங்கயோ போயிட்டீங்க.”

போன இடம் மேல்தளம். அந்த வாரம் முழுக்க, தோளில் பெட்டியோடு. உடம்பைத் தாண்டியவருக்குப் படி என்ன செய்துவிடும் என்பது மேனேஜர் கணக்கு.

வீட்டில் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டபடியே ஒரு பாட்டம் திட்டினாள். “அவ்வளவு நல்லா சொல்லச் சொல்லி உங்களை யாரு கேட்டா? அடுத்த வாரம் அவரு எதை எழுதினாலும் புரியலைன்னு சொல்லுங்க. அதுக்குமா படிப்பு வேணும்?” நியாயமாகப்பட்டது. வாரம் முழுக்கப் படி ஏறும்போதும் இறங்கும்போதும் ‘புரியலை சார்’ என்று சொல்லிப் பழகினார். முகத்தைக்கூட அதற்கு ஏற்றபடி தொங்கவிட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை வந்தது. பலகையில், ‘எனக்குப் புரியவில்லை என்று உணர்ந்தவனுக்கே எல்லாம் புரிந்தது.’

படிப்பாளி அதை இரண்டு முறை எழுத்துக் கூட்டினார். புரிகிறது என்றால் ஞானி. புரியவில்லை என்றால் அதைவிடப் பெரிய ஞானி. இரண்டுக்கும் மேல்தளம்தான். பெட்டி என்றால் எந்தப் பக்கம் மேலே என்று ஒரு அம்புக்குறியாவது போட்டிருப்பார்கள். இதை எப்படிக் கவிழ்த்தாலும் மேனேஜர் பக்கமே மேலே வந்து நின்றது.

“சொல்லுங்க,” என்றார் மேனேஜர், ஆசையோடு.

அந்தக் கிடங்கில் எவ்வளவு களைத்தாலும் பெட்டி மேல் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். படிப்பாளி உட்கார்ந்தார். ‘உடையும்’ என்ற எழுத்தின் மேலேயே.

“முழங்கால் வலிக்குது சார்.”

மேனேஜர் காத்திருந்தார். “இதுக்கு உட்பொருள்?”

“முழங்கால் வலிக்குதுன்னு அர்த்தம்.”

மேனேஜர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “இவரு சொன்னதுல என்ன புரியுது?”

மச்சினன் எழுந்து, தன் நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தான். இடுப்பு பிடித்துக்கொள்ள, பாதி வழியில் நின்று மறுபடி இழுத்தான். “அதுல உக்காராதீங்க மாமா, உள்ள கிளாஸ் இருக்கு. இதுல உக்காருங்க. சாப்பாடு வரைக்கும் நீங்க ஒட்டுங்க, அப்புறம் நான்.”

“உன் இடுப்பு?”

“அதை நான் பாத்துக்கறேன். அதான் போன வாரமே சொன்னாங்களே, பார்க்கிறவன்னு.” சிலர் டம்ளருக்குள் சிரித்தார்கள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பலகையைத் துடைத்து, ‘அமர்பவர் இருவர், நாற்காலி ஒன்றே’ என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார். என்ன புரிகிறது என்று இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை.

படிப்பாளி நாற்காலியில் இருந்தபடியே அதைப் படித்தார். முழுசாகப் புரிந்தது. வாயைத் திறக்காமல் அடுத்த பெட்டியை இழுத்து, அம்புக்குறி மேலே பார்க்கும்படி லேபிளை ஒட்டினார்.