தி.நகர் நாலாம் மாடியில் தென்னமெரிக்கா

எரிமலை என்றால் புகைய வேண்டும் என்பது ஆம்ப்ரோஸின் கட்சி. புகையாத எரிமலை வெறும் மலைதானே, அதைத் திருக்கழுக்குன்றத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே. ஆகவே ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கு, உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை ஒன்றின் நாலாம் மாடியில், தெர்மகோலும் காக்கித் தாளும் கொண்டு தன் கையாலேயே கட்டிய எரிமலையின் வயிற்றுக்குள் ஆறு கம்ப்யூட்டர் சாம்பிராணிக் கப்புகளைப் பற்றவைத்து இறக்கினார்.

ஒன்றே போதும். அது அவருக்கும் தெரியும். ஆனால் முதலாளி பார்க்க வருகிற நேரம். ஒரு கப் புகைக்கு வீட்டுக் கொசுவே அசையாதே, கோடீஸ்வரர் எப்படி அசைவார் என்று தோன்றிவிட்டது.

புகை அழகாகத்தான் வந்தது. எரிமலை வாயிலிருந்து சுருண்டு எழுந்து, காக்கித் தாள் சிகரங்களைத் தடவி, கூரையைப் போய்த் தொட்டது. கூரையில் வட்டமாக ஒரு வெள்ளை டப்பா இருந்தது. அதை ஏழு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வைஃபை என்று நினைத்திருந்தார்.

அடுத்த நிமிடம் ஐந்து மாடியிலும் அலாரம் அலறியது. பதிவு செய்த ஒரு பெண் குரல், எல்லோரும் உடனே வெளியேறவும் என்று மூன்று மொழியில், பால்கோவா விற்பது போன்ற நிதானத்தோடு கேட்டுக்கொண்டது. ஆனால் நடப்பது ஆடித் தள்ளுபடி. கையில் எடுத்த புடவையைக் கீழே வைத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் புடவையும் கையுமாகவே அத்தனை பேரையும் தெருவில் இறக்க வேண்டியதாயிற்று. நடைபாதை முழுக்கப் பட்டு. வெளிச்சத்தில் பார்த்தால் இந்த மயில் கழுத்துப் பச்சை கொஞ்சம் வெளுத்த மாதிரி இல்லையா என்று ஓர் அம்மாள் ஆம்ப்ரோஸிடமே கேட்டார். அவர் சட்டையெல்லாம் சாம்பலோடு, "எடுப்பா இருக்கும்மா" என்றார்.

வாசல் செக்யூரிட்டி வலியுல்லா பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சார், மேல பூஜையா?"

"எரிமலை."

"அதுக்கு சாம்பிராணியா? எத்தினி கப்பு?"

"ஆறு."

"எங்க தர்காவுலயே ரெண்டுதான் சார் வெப்பாங்கோ."

தீயணைப்பு வண்டி வந்து, ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போன பிறகு, முதலாளி தனபாலன் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நாற்பது வருஷத்துக்கு முன் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்தவர். தி.நகரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாச்சி. ஆம்ப்ரோஸை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். இன்றைக்கு நிச்சயம் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடும், வசவாகவே இருந்தாலும் சரி என்று ஆம்ப்ரோஸ் நம்பினார்.

"புகை அருமை சார்," என்றார் அண்ணாச்சி. "பாத்துக்கிடலாம்."

ஏழு வாரமாக இதே பாத்துக்கிடலாம்தான்.

விஷயம் இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அண்ணாச்சி ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டுகிறார். எகிப்து ஒரு பக்கம், பனிமலை ஒரு பக்கம், நடுவில் தென்னமெரிக்கா. உண்மையான நாடு எதுவும் வேண்டாம், யாராவது கோபித்துக்கொள்வார்கள், கற்பனையாக ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்றார்கள். பிரேசிலும் பெருவும் கலந்த ஒரு தேசம். எரிமலை, மழைக்காடு, கல்படிக்கட்டு நகரம், திருவிழாத் தெரு. மாதிரியைக் கட்டிக் காட்ட நாலாம் மாடியில் ஓர் அறையும் ஒரு டேபிள் ஃபேனும் தந்தார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக சினிமாவில் செட் போடும் ஆட்களுக்கு உதவியாளர். யார் யாருடைய பெயரிலோ அரண்மனை கட்டியிருக்கிறார், ரயில்வே ஸ்டேஷன் கட்டியிருக்கிறார், ஒரு தடவை சட்டசபைகூட. தன் பெயரில் கட்டியது என்று பார்த்தால், சாந்தோம் பங்குக் கோயிலில் டிசம்பர்தோறும் வைக்கும் கிறிஸ்துமஸ் குடில் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, கற்பனை தேசத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'சான் அம்ப்ரோசியோ', அதாவது புனித ஆம்ப்ரோஸ், என்று எழுதிவிட்டார்.

"கூச்சமே இல்லியாங்க உங்களுக்கு?" என்றாள் பியாட்ரிஸ். அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர்.

"அந்த ஊர்ல எல்லா ஊருக்கும் புனிதர் பேருதான்."

"புனிதர் பேரு. அதான் கேக்கறேன்."

முதல் நாள் அண்ணாச்சி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "அந்தப் பக்கமெல்லாம் போயிருக்கீங்களா சார்?" ஆம்ப்ரோஸ் லேசாகச் சிரித்து, "போகாம இந்த வேலைய செய்ய முடியுமா அண்ணாச்சி?" என்றார். அது பொய் இல்லை, வெறும் கேள்வி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட வாதாடிப் பார்க்கலாம். அவர் போன தூர தேசம் வேளாங்கண்ணி. விமானத்தில் ஏறியது ஒரே முறை, அதுவும் பிளைவுட் விமானம், அவரே செய்தது.

தென்னமெரிக்காவை அவர் பியாட்ரிஸின் அட்லஸிலிருந்தும், டிவியிலிருந்தும், கொஞ்சம் சொந்த வயிற்றெரிச்சலிலிருந்தும் உண்டாக்கினார். கைதான் அவர் சொல்பேச்சு கேட்கவில்லை. இருபது வருஷக் குடில் பழக்கம். காக்கித் தாளைக் கசக்கினால் தானாகவே நடுவில் இயேசு பிறக்க ஒரு குகை விழுந்துவிடும். ஆண்டிஸ் மலையில் குகை. மழைக்காட்டுக்குள் குகை. திருவிழாத் தெருவின் கோடியில், எதற்கென்றே தெரியாமல், வைக்கோல் பரப்பிய ஒரு குகை. திமில் இல்லாத அந்த ஊர் ஒட்டகமான லாமாக்களைச் செய்ய நேரமில்லை, கோயில் பரணில் பழைய குடில் பொம்மைகள் இருந்தன. ஒட்டகத்தின் திமிலை அரத்தால் ராவி, காதில் சிவப்புக் குஞ்சம் கட்டினால் லாமா. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்கு மேலே போர்வை போட்டு, தலையில் தொப்பி வைத்துச் சந்தைக்காரர்கள் ஆக்கினார். கொண்டுவந்த தங்கப்பெட்டியைக் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. சோளம் விற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாரமும் அண்ணாச்சியும் மகள் ஜெயபாரதியும் வந்து பார்த்தார்கள். பூங்கா அவள் பொறுப்பு. வாசல் ஈசானியத்தில் இருந்தால் நல்லது என்றார்கள், எரிமலையை நகர்த்தினார். ஆட்டக்காரிகளின் இறகு உடை குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சரிப்படுமா என்றார்கள், முழுக்கை வைத்தார். மலைக்குள்ளே சின்னதாக ஒரு ஷோரூம் வருமா என்றார்கள். அதற்குத்தான் குகை தயாராக இருந்ததே. எல்லாம் முடிந்ததும், வேலை எனக்குத்தானே என்று கேட்பார். அருமை சார், பாத்துக்கிடலாம் என்பார்கள்.

அந்தக் கடையில் இல்லை என்ற வார்த்தை புழங்குவதில்லை. விற்பனைப் பெண்கள் வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கேட்ட நிறம் இல்லையென்றால், "வந்துகிட்டிருக்குக்கா." அளவு இல்லையென்றால், "அடுத்த லாட்ல வந்துரும்." கல்லாவில் உட்கார்ந்து இல்லை என்று சொன்னால் லட்சுமி கிளம்பிவிடுவாள் என்பது அண்ணாச்சி வீட்டுப் பழக்கம். ஆம்ப்ரோஸும் வந்துகொண்டிருக்கும் நிறம் மாதிரி ஏழு வாரமாக வந்துகொண்டே இருந்தார்.

வாயைப் பார்த்து ஒன்றும் தெரியாததால் தனக்கு வரும் தட்டைப் பார்த்துக் கணிக்க ஆரம்பித்தார். முதல் வாரம் பாதாம் பால், அல்வா, கை முறுக்கு. மூன்றாம் வாரம் காபி, முறுக்கு. ஐந்தாம் வாரம் வெறும் காபி.

"இந்த வாரம்?" என்றாள் பியாட்ரிஸ்.

"தண்ணி. ஆனா ஃபில்டர் தண்ணி."

பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் அவள் பல தடவை சொல்லிப் பிடித்துவைத்த இடம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் சரியென்று சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சேர்ந்தால் வேறு வேலை செய்யக்கூடாது.

"உங்க தென்னமெரிக்கா கிடைக்கும்னா நானே சிஸ்டர்ட்ட வேணாம்னு சொல்றேன்," என்றாள். "நிஜமாத்தான் சொல்றேன். அம்பத்தோரு வயசுல ஒண்ணு உங்க பேர்ல வரட்டும். ஆனா ரெண்டையும் விட்டுட்டு வந்து நிக்காதீங்க. கேட்டுட்டு வாங்க. ஆமாவா, இல்லையா."

கேட்கத்தான் புதன்கிழமை போனார். கேட்பதற்கு முன் கொஞ்சம் புகை போடலாம் என்று நினைத்தார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர்ப் பூங்காவுக்குப் போனார். அண்ணாச்சி தினமும் அங்கே சர்க்கரைக்காக எட்டு நடக்கிறவர். சிமெண்ட் தரையில் பெரிதாக எட்டு என்ற எண்ணை வரைந்திருந்தார்கள். அதன் மேலேயே வடக்கிலிருந்து தெற்காக இருபது நிமிடம், தெற்கிலிருந்து வடக்காக இருபது நிமிடம். வெறும் காலோடு, நடுவில் நிற்கக் கூடாது. ஆம்ப்ரோஸ் ஓரமாக நின்று வணக்கம் சொன்னார்.

"வாங்க சார், நடங்க, உடம்புக்கு நல்லது," என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி போய்விட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆம்ப்ரோஸும் எட்டுக்குள் இறங்கினார். தப்பான பக்கத்திலிருந்து இறங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சி ஒரு வளையத்தில் போகும்போது இவர் அடுத்த வளையத்தில் இருந்தார். எட்டின் இடுப்பில் மட்டும்தான் இருவரும் ஒரு நொடி சந்தித்தார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்குள்ள ஒரு பதில் தெரியணும்."

"அதுக்கென்ன சார், பாத்துக்கிட..." போய்விட்டார்.

அடுத்த சுற்றில், "ஆமாவா இல்லையான்னு மட்டும்."

"நல்ல காரியம் நிதானமாத்தான்..."

மூன்றாம் சுற்றில் ஆம்ப்ரோஸுக்குக் குதிகால் எரிந்தது. தன் முகத்தைத் தானே பார்த்த மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அண்ணாச்சியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? முதல் நாள் அவர் கேட்டது நேரான கேள்வி. தான் என்ன சொன்னோம்? பத்து அடி எடுத்து வைத்து அடுத்த இடுப்புக்கு வந்ததும் சொன்னார்.

"நான் அங்க போனதில்ல."

"எங்க?" அண்ணாச்சி போய்விட்டார். ஒரு முழு வளையம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"தென்னமெரிக்காவுக்கு."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அடுத்த முறை வந்தபோது ஆம்ப்ரோஸ் தயாராக இருந்தார்.

"எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது அண்ணாச்சி."

அதற்கும் அடுத்த சுற்றில், "அந்த லாமால்லாம் எங்க கோயில் குடில் ஒட்டகம்."

அண்ணாச்சி எட்டின் நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த மஃப்ளர் கட்டிய பெரியவர் அவர் முதுகில் மோதப் பார்த்தார். தினமும் அங்கே வரும் அனந்தராமன், ரிட்டயர்டு ஆடிட்டர்.

"என்ன ஸார், நட்ட நடுவுல நின்னுண்டு! ஒட்டகம் பேசறதுன்னா ஓரமாப் போய்ப் பேசப்படாதோ? நேக்கு இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி."

இருவரும் இறங்கி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஆம்ப்ரோஸ் எல்லாவற்றையும் சொன்னார். அட்லஸ், மூன்று ராஜாக்கள், சொந்தப் பெயர், டிராயிங் மாஸ்டர் வேலை, சிஸ்டர், நாளை பத்து மணி. சொல்லச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது, செருப்பைக் கழற்றின மாதிரி சுகமாகவும் இருந்தது.

"ஒட்டகம்னு தெரியும் சார்," என்றார் அண்ணாச்சி. "ஜெயபாரதி பாப்பா பாத்த மொத நாளே சொல்லிட்டா. நாலு காலையும் பாத்து சொன்னா."

"அப்புறம் ஏன் அண்ணாச்சி ஒண்ணும் கேக்கல?"

அண்ணாச்சி எட்டுப் பக்கம் பார்த்தார். எட்டில் அனந்தராமன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் அந்த ரூம்லதான் ஒக்காந்திருப்பேன். யாருக்கும் தெரியாது. ஃபேனப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு குகையா எட்டிப் பாப்பேன். ஒரு குகைக்குள்ள கோழிகூட வச்சிருந்தீங்க, முட்டையோட. வெளியேருந்து பாத்தா தெரியவே தெரியாது. அத எதுக்கு வச்சீங்க?"

"தெரியல அண்ணாச்சி. இடம் சும்மா இருந்துச்சு."

"அதான். உங்கள வரவேண்டாம்னு சொல்லிட்டா அதக் கலைக்கணும்லா. அதான் இழுத்துக்கிட்டே போனேன். என் தப்புதான்."

கிடைத்துவிட்டது என்று ஆம்ப்ரோஸுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியது. சான் அம்ப்ரோசியோ என்று கடற்கரைச் சாலையில் ஒரு பலகை. கீழே தன் பெயர்.

"அப்போ..." என்றார். "தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு தடவை பாத்துக்கிடலாம்னு மட்டும் சொல்லிராதீங்க. வேலை எனக்கா அண்ணாச்சி?"

அண்ணாச்சி துண்டை மடித்துத் தோளில் போட்டார். பெஞ்சில் அவர் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இல்ல சார். பம்பாய் கம்பெனி ஒண்ணுக்குப் போன மாசமே குடுத்தாச்சு. அவங்க அங்க போய்ட்டு வந்தவங்க. நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி அந்த சிஸ்டரப் பாத்து சரின்னு சொல்லிருங்க."