பாதுகாப்பான உயரம்

...இல்லை, கட்டைவிரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஃபீட் ஹோல்ட் பொத்தானின் மேல், அழுத்தாமல் ஆனால் அழுத்தத் தயாராக, தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அழுத்தினால் ஓடுகிற மெஷின் நின்ற இடத்தில் நின்றுவிடும், போன வாரமும் இந்தப் பொத்தான் இங்கேதான் இருந்தது, கலைவாணனின் விரல்தான் இல்லை, விரலும் அதன் சொந்தக்காரனும் ஏசி அறையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்... பஜ்ஜி வாழைக்காய்தான் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, எதற்கு இதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும்? மேனகா திரும்பிப் பார்த்தாள், இன்றைக்கு மெஷின் அவள் பொறுப்பு. "சார், ஸ்டார்ட் குடுக்கவா, இல்ல பூசணிக்கா சுத்திட்டு வரட்டா?" குடும்மா, என்றான், பூசணிக்காய் சுற்றியிருக்கலாம் என்றுதான் தோன்றியது, அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள், கதவுக்குப் பின்னால் டூலைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் முனகி, சீறி, ஒரே சுருதியில் நின்றது. விஷயம் எளிமையானது, முதலாளி தணிகாசலம் காலையில் விளக்கியபோது ஒரு ஜட்ஜுக்கே பொறாமை வருகிற மாதிரி அவ்வளவு எளிமையாக இருந்தது. போன வாரம் இந்த பம்ப் மூடியின் முதல் பீஸ் ஓடும்போது வெட்டுகிற டூல் போய் கிளாம்பில் மோதியது, கிளாம்ப் என்றால் பீஸை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கு, மோதியதில் டூல் போயிற்று, ஸ்பிண்டில் பேரிங் போயிற்று, மெஷினில் நின்ற ராஜ்கமலின் வேலையும் போகிற வாசலில் நிற்கிறது. கிளாம்பை அவன் தள்ளிப் போட்டானா, இல்லை கலைவாணன் புரோகிராமில் எழுதிய டூலின் பாதை தப்பா? மோதின வேகத்தில் கிளாம்ப் திரும்பிக்கொண்டதால் அது எங்கே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அதே புரோகிராம், பேப்பர் படத்தில் காட்டிய இடத்தில் கிளாம்ப், இன்னொரு தடவை ஓட்டு. டூல் ஒதுங்கிப் போய்விட்டால் புரோகிராம் சரி, ராஜ்கமல் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். "எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல கலை. மெஷினே சொல்லட்டும்." நியாயமான மனிதர், அதுதான் தொந்தரவு, கத்துகிற முதலாளியாக இருந்தால் பதிலுக்கு மனசுக்குள்ளாவது கத்தலாம்.

சத்தம் நன்றாக இருக்கிறது, எவர்சில்வரை வெட்டும்போது காதைத்தான் நம்ப வேண்டும், கண்ணைக் கூலண்ட் தண்ணீர் மறைத்துவிடும், சரியாக வெட்டினால் புதுத்துணி கிழிகிற சத்தம், தப்பாக வெட்டினால் பல் ஆஸ்பத்திரி. அப்புறம், தயங்கக் கூடாது, டூல் ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அந்த இடம் கெட்டிப்பட்டுப்போகும், பிறகு எந்தக் கொம்பனும் இறங்க முடியாது, இறங்கினால் இறங்கு இல்லையென்றால் தொடாதே. இதைச் சிவசங்கரியிடம்கூட ஒரு தடவை சொன்னான், அவள் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் பாத்திரத்தையும் கம்பி நாரையும் கட்டின புருஷன் கையில் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள். மெஷின்காரனின் உபதேசத்துக்கு வீட்டில் அவ்வளவுதான் மரியாதை. மெஷினையாவது புரிந்துகொள்ளலாம், அந்த சாஃப்ட்வேரை என்ன சொல்ல... முதலாளியின் மருமகன் பாரிசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப், லைசென்ஸ் அதற்குள் இருக்கிறது, மெனு முழுக்கப் பிரெஞ்சு, மொழியை மாற்ற வழி இருக்கிறது என்று மருமகன் சொன்னார், இருந்தது, அந்த வழியும் பிரெஞ்சில் இருந்தது. கலைவாணனுக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று வார்த்தை, எர்ரேர், அன்னுலே, வலிதே, தப்பு, ரத்து, சரி, இதை வைத்துக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு காபி வாங்க முடியாது, ஆனால் ஒரு பம்பைச் செய்துவிடலாம். முதல் வாரம் புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் எல்லாம் அது கமா வைத்தது, அவர்கள் ஊர் வழக்கம் அப்படியாம், பன்னிரண்டரை என்பதைப் பன்னிரண்டு கமா ஐந்து என்று எழுதி அனுப்ப, இந்தக் கிழட்டு மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. எனக்குப் புரியவில்லை, நகரமாட்டேன். அன்றைக்கு அதைத் திட்டினான், இப்போது நினைத்தால் மரியாதையாக இருக்கிறது, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு நிற்க எத்தனை பேரால் முடிகிறது, கலைவாணனெல்லாம் தலையாட்டிவிட்டுத்தான் பிறகு யோசிப்பான்.

அந்த சாஃப்ட்வேர் கேட்கிற கேள்விகள் வேறு. பாதை பழசாகிவிட்டது, மறுபடி கணக்குப் போடவா? சேமிக்கவா? நிச்சயமாகவா? எல்லாப் பெட்டியும் ஒரே மஞ்சள், உயிர் போகிற விஷயமும் எழுத்தின் அளவு மாறிய விஷயமும் ஒரே மஞ்சள், கல்யாணத்தில்கூட அவனை இத்தனை தடவை சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, வலிதே, வலிதே, வலிதே. ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை அது கேட்காது. கிளாம்ப் எங்கே? நாமாக வரைந்தால்தான் அதற்குக் கிளாம்ப் என்று ஒன்று உண்டு, வரையாவிட்டால் திரையில் பீஸ் யாரும் பிடிக்காமலே அந்தரத்தில் நிற்கும், சாமியார் மாதிரி. கலைவாணன் வரையவில்லை. சின்ன வேலை, ரெண்டே கிளாம்ப், மனசுக்குள் வரைந்துகொண்டான், ஒரு குழியை முடித்த டூல் அடுத்த குழிக்கு நேர்கோடாகப் போகும்போது அந்த மனசுக் கிளாம்புக்கு ஒரு விரல் அகலம் தள்ளிப் போகிற மாதிரி பார்த்துக்கொண்டான், திரையில் ஓட்டியும் பார்த்தான், அழகாகப் போயிற்று, எங்கும் சிவப்பு வரவில்லை. வராது, இல்லாத கிளாம்பில் எது மோதும்... ஆனாலும் ஒரு விரல் இடம் இருந்தது, இருந்ததல்லவா, ஒரு விரல் தாராளம்.

அந்தச் சத்தம். மாடியிலிருந்து அம்மிக்கல் விழுந்த மாதிரி, அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு அமைதி, பக்கத்து மெஷின்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி. ஓடி வந்தபோது ராஜ்கமல் எமர்ஜென்சி பொத்தானை அழுத்திவிட்டு அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றான், எடுத்தால் மறுபடி ஓடிவிடும் என்பது போல. முப்பது வயசு ஆள், வீராம்பட்டினம், அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள், "எங்க வூட்ல நான் ஒருத்தன்தாண்ணே தரையில சம்பாதிக்கிறேன், கப்பல் கவுந்தாலும் எனக்குக் காலு நனையாது" என்று டீ நேரத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். அவன் முகம் அன்றைக்கு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அடிபட்டுச்சா என்று கேட்டிருக்கலாம். மேனகா கேட்டாள், தண்ணீர் கொண்டுவந்தவளும் அவள்தான். கலைவாணன் கேட்டது வேறு. "கிளாம்ப எங்கய்யா போட்ட?" கேள்விதான், வெறும் கேள்வி, கோபம்கூட இல்லாமல்தான் கேட்டான், ஆனால் அதற்குள் முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார், அவர் காதுக்குள் போகும்போதே அது கேள்வியாக இல்லை. அதைக் கேட்க எத்தனை நேரம் ஆனது? யோசித்தா கேட்டான்? ஏசி அறையிலிருந்து மெஷினுக்கு ஓடி வருகிற தூரத்தில் அந்த வாக்கியம் எப்போது தயாரானது? நேற்று சாயங்காலம் உப்பளத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ராஜ்கமலின் போனை எடுத்தான். "அண்ணே, படத்துல இருந்த மாதிரிதாண்ணே போட்டேன்." சரிய்யா. "சத்தியமாண்ணே." சரிய்யா, நாளைக்கு பாப்போம். அந்தப் பக்கம் அலைச் சத்தமோ காற்றோ கேட்டது. "இல்லண்ணே, இப்ப எனக்கே டவுட்டா இருக்குது. கண்ண மூடுனா கிளாம்பு ஒரு எடத்துல இருக்குது, தெறந்தா வேற எடத்துல இருக்குது. எல்லாரும் சொல்றப்ப நாமதான் தள்ளிப் போட்டுட்டமோன்னு..." எல்லாரும் என்றால் யார்? முதலாளி ஒருத்தர். இன்னொருத்தர்... எவ்வளவு நாகரிகமாகச் சொன்னான், எல்லாரும் என்று. இப்போது வாசலில் செக்யூரிட்டியின் பெஞ்சில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"சார், இந்தக் குழி முடியுது. அடுத்தது அந்த எடந்தான்." மேனகா டூல் நகர்கிற வேகத்தைக் கால் பங்காகக் குறைத்தாள், கெட்டிக்காரி, சொல்லாமலே செய்தாள். இருவரும் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்தார்கள். டூல் குழியை விட்டு எழுந்தது, எழுந்தது, இன்னும் எழுந்தது, நகர ஆரம்பித்தது, நேர்கோடாக இல்லை. முதலில் மூலைவாட்டில், பிறகு ஒடித்துக்கொண்டு நேராக, மடக்கிய முழங்கை மாதிரி. அட, ஆமாம். பழைய மெஷின், குறுக்கே இழுக்கிற மோட்டாரும் நீளத்துக்கு இழுக்கிற மோட்டாரும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது, இரண்டும் தன்பாட்டுக்கு முழு வேகத்தில் ஓடும், கிட்டே போக வேண்டியது சீக்கிரம் முடித்துக்கொள்ளும், மற்றது மிச்சத் தூரத்தைத் தனியாகப் போகும், தெரியும், இது அவனுக்கு வருஷக்கணக்காகத் தெரியும், திரையில் நேர்கோடாக ஓடுவதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது மறந்துவிட்டது. அந்த முழங்கையின் முட்டி வந்த இடம் கிளாம்பின் உச்சந்தலை. உச்சந்தலைக்கு மேலே. நல்ல உயரத்தில், நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ போகலாம் போல. அதற்குள் கூலண்ட் பீய்ச்சிக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, டூல் அடுத்த குழியில் இறங்கிக்கொண்டிருந்தது. "தாண்டிருச்சு சார்" என்றாள் மேனகா, மூச்சை விட்டு. தாண்டிவிட்டது. ஆனால் பக்கத்தில் அல்லவா தாண்ட வேண்டும், மேலே ஏன்? பீஸுக்கு மேல் ஐந்து மில்லிமீட்டரில் அல்லவா போக வேண்டும், கிளாம்பின் தலை அதைவிட உயரம், ஐந்தில் போயிருந்தால் போன வாரம் மாதிரியே... இவ்வளவு மேலே ஏன் போகிறது?

காலையில். டீ குடித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தான், போன வார ஃபைலை எடுத்தான், அனுப்புவதற்கு முன்னால் உயரம் கேட்கிற சின்னப் பெட்டி, அதில் ஐந்து, அதை அழித்தான், முப்பது என்று அடித்தான், வலிதே. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் செய்திருப்பான், இதில் மறைக்க என்ன இருக்கிறது, சந்தேகமாக இருந்தால் டூலைத் தூக்கு என்பது எல்லாருக்கும் அவனே சொல்கிற பாடம், நாலு நொடி வீண், மெஷின் பிழைக்கும், அதுவும் புது பேரிங் போட்ட மெஷின். ஒழுங்கான எந்தப் புரோகிராமரும் செய்வது. யாரும் குறை சொல்ல முடியாத காரியம், அதுதான் கஷ்டம், திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் வாசலையாவது ஒரு தடவை பார்த்திருப்பான், இது மூக்கைச் சொறிகிற மாதிரி நடந்துவிட்டது. பிறகு முதலாளி "அதே புரோகிராம்தான கலை?" என்று கேட்டாரே, "அதேதான் சார்" என்றானே, அப்போது முப்பது ஞாபகம் இருந்ததா இல்லையா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறான். மெஷினைக் காப்பாற்றத்தான் கை போனது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவேளை கண்தான் தப்போ, முழங்கை கிளாம்புக்கு மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளியே மடங்கியிருந்தால்? கூலண்டில் என்ன தெரியும், கால் நொடி சமாச்சாரம்... நன்றாக யோசிக்கிறாய் கலைவாணா, கேஸே இல்லாத இடத்தில் வக்கீல் வைத்துக்கொள்கிற ஆள் நீ.

மெஷின் நின்றது, மேனகா பீஸைக் கழற்றித் துணியால் துடைத்தாள், நல்ல பளபளப்பு, தணிகாசலம் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மெஷின் சொல்லிடுச்சு." வருத்தமாகத்தான் சொன்னார். செக்யூரிட்டி போய்க் கூப்பிட, ராஜ்கமல் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தான், யார் முகத்தையும் பார்க்கவில்லை, முதலாளி நீட்டிய பீஸை வாங்கினான், குழிகளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான். "நல்லா வந்துருக்குதுண்ணே" என்றான் கலைவாணனிடம். பிறகு, "அப்ப நான்தான் தள்ளிப் போட்டுட்டேன் போல. பரவால்லண்ணே. இனிமே தூக்கமாவது வரும்." முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி தெரிந்தது, அவன் கிளாம்பு கடைசியில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தணிகாசலம் அவன் தோளைத் தொட்டார், ஐடி கார்டை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார், ரொம்ப மெதுவாகச் சொன்னார். சாயங்காலம் முதலாளியைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம், பதற்றமில்லாமல், விவரமாக, மோட்டார் இரண்டையும் பேப்பரில் வரைந்து காட்டி. அல்லது சேதராப்பட்டில் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், ராஜ்கமலை அங்கே சேர்த்துவிடலாம், இதைவிட நல்ல கம்பெனி, அதுவும் ஒரு உதவிதானே, அவன்கூட வாய் நிறைய அண்ணே என்று... "சார்," என்றாள் மேனகா, அடுத்த பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏத்தட்டுமா? போன வாரத்து புரோகிராமே ஓடட்டும், இல்ல?"

"அது இல்லம்மா."

யார் சொன்னது என்று அவனும் திரும்பிப் பார்த்திருப்பான், பார்க்க ஆளில்லை, மற்ற மூன்று பேரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா சார் இல்ல?" என்றாள் மேனகா. ஆபீஸ் பக்கம் இரண்டடி வைத்திருந்த தணிகாசலம் நின்றார். ராஜ்கமல் ஐடி கார்டின் கயிற்றைத் தலைக்கு மேல் பாதி தூக்கியபடி, ஒரு காது மடங்கி, நின்றான். இப்போதுகூட ஒன்றும் ஆகிவிடவில்லை, இரண்டு வார்த்தைதான் வெளியே வந்திருக்கிறது, அது இல்லம்மா, அந்த பீஸ் இல்லம்மா, பக்கத்தில் இருக்கிறதை எடு, என்று திருப்பிவிடலாம், எத்தனை கதவு திறந்திருக்கிறது. சொன்னால் நல்லவன் ஆகிவிடலாம் என்ற ஆசைகூட எங்கேயோ எட்டிப் பார்த்தது, உண்மை தானாக வாயில் வந்துவிட்டது பார், நீ அவ்வளவு கெட்டவன் இல்லை. தானாகத்தான் வந்தது. காலையில் கை முப்பது என்று அடித்ததும் தானாகத்தான். அது நானில்லை, கை, என்று அதைத் தள்ளிவிட்டால், இது நான், என்று இதை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது... எடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அவை ஒரே ஆளுடையவை, அந்த ஆளைத் தனக்கு இதுவரை சரியாகத் தெரியாது என்று கலைவாணனுக்குத் தோன்றியது, தணிகாசலம் "இன்னாய்யா கலை, சொல்லு" என்று அவன் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.