இடக்கையன் வீட்டார்

தொல்லியல் பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. பேராசிரியத்தனம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு கல்லை எடுத்தால் உடனே பார்த்துவிட மாட்டார். கண்ணை மூடி, உள்ளங்கையில் உருட்டி, தலையைச் சாய்த்து, போனில் மறுமுனைக்காரர் பேசுவதைக் கேட்பது போல நிற்பார். பிறகு, "மனிதன்" என்பார். சுற்றி நிற்கும் மாணவர்கள் பயபக்தியோடு குறிப்பெடுப்பார்கள். என்ன குறித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அப்படிப் பொறுக்கிய கல்லாயுதங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் நிறைய இருந்தன. கூடத்துக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள். வாசலில் மார்பளவுச் சிலைக்கு இடம் விட்டிருந்தார்கள். மூக்கு விஷயத்தில் மட்டும் அவருக்கும் சிற்பிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்தவர்களையும் கற்பனையில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஒரு பக்கமாகவே கொத்தியிருந்த கைக்கோடாலியை வைத்து ஓர் இடக்கையன். அரைகுறையாக விட்ட, தோல் சுரண்டும் கற்களை வைத்து, எதையும் முடிக்கத் தெரியாத அவன் தம்பி. கட்டைவிரல் அளவு வெட்டுக்கல்லை வைத்து, அப்பனைப் பார்த்துப் பழகிய ஒரு மகள். பிள்ளை இல்லாத வீடு. சாப்பாட்டு மேசையில் இவர்கள் பேச்சுதான். "உங்க இடக்கையன்கூட சாப்பிட்ட தட்டக் கழுவியிருப்பான்" என்று மனைவி குத்துவாள். ஆனால் அடைமழை நாளில் அவளே, "அந்தப் பொண்ணு எங்க ஒதுங்கியிருக்குமோ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

கூடத்தைத் திறக்கச் சில நாளே இருக்கையில் அருங்காட்சியகக் காப்பாளர் அவரை வரச் சொன்னாள். அவருடைய பழைய மாணவி.

"உக்காருங்க சார்."

"மூக்கு விஷயமா?"

"இல்ல சார். வார்னிஷ் விஷயம்."

கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கட்டும் என்று அந்தக் காலத்தில் எல்லாக் கற்களுக்கும் அவரே வார்னிஷ் பூசியிருந்தார். அட்டவணை எழுதுவதற்காக அவள் அதை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்திருந்தாள். மேசையில் இடக்கையனின் கோடாலி குளித்துவிட்டு வந்த கிழவன் போல வெளிறிக் கிடந்தது. கல்லின் உடைந்த முகங்களில் ஒன்று கரும்பழுப்பு, அடுத்தது மங்கிய மஞ்சள், மூன்றாவது நேற்று உடைந்த மாதிரி வெள்ளை.

"உடைஞ்ச முகம் நாளாக ஆக நிறம் மாறும்னு நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க."

"சொன்னேன்."

"ஒரே ஆள் ஒரே மூச்சுல செஞ்சிருந்தா எல்லாம் ஒரே நிறமா இருக்கணும். இதுல முதல் அடி விழுந்து பல ஆயிரம் வருஷம் கழிச்சு ரெண்டாவது அடி விழுந்திருக்கு."

"அவன் நிதானமான ஆளு."

அவள் சிரிக்கவில்லை. "வெள்ளத்துல கல்லோட கல்லு மோதி உடைஞ்சது சார். கரையில குவியலா கெடக்கு. அதுல கோடாலி மாதிரி உடைஞ்சத மட்டும் நாம பொறுக்கிட்டோம்."

அந்த 'நாம' அவரைச் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"எல்லாமேவா?"

"தொடச்ச வரைக்கும் எல்லாமே."

"மகளோடது?"

அவள் சின்னக் கல்லை அவர் பக்கம் நகர்த்தினாள். "அத நான் தொடல சார். நீங்க வேண்டாம்னா மத்ததுக்கும் திரும்ப வார்னிஷ் அடிச்சு வெச்சிடறேன். வர்றவங்க யாரும் பஞ்சோட வரப்போறதில்ல."

அவரே பஞ்சை எடுத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல ஒத்தி ஒத்தித் துடைத்தார். கீழே இரண்டு நிறம் இருந்தது.

"ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

மேற்கே எங்கோ பெய்த மழையில் ஆறு பட்டப்பகலில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. செந்நீருக்கு அடியிலிருந்து மட்டும் சத்தம் வந்தது. டொக். டொக். ஒரு குடும்பமே உட்கார்ந்து வேலை பார்ப்பது போல. நடுவில் ஓர் அடி தப்பி விழும். சற்று ஓய்ந்து, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, சரியாக விழும். பின்னால் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"ஆறு ஒடச்சதுன்னே எழுதிடு" என்றார்.

"அப்ப கூடத்தத் தெறக்க முடியாது சார்."

"தெரியும்."

"உங்க பேரு..."

"என் பேரு கெடக்கட்டும். நான் ரேஷன் கார்டுல இருக்கேன். அவங்க எதுல இருக்காங்க?"

வாழ்ந்து செத்தவர்களுக்கு எலும்பாவது மிஞ்சும். ஆவியாக வரவும் ஓர் உரிமை உண்டு. பிறக்கவே பிறக்காத இந்த மூவருக்கும் இருந்தது அந்தக் கல் மட்டும்தான். அதையும் இப்போதுதான் அவர் வாயாலேயே பிடுங்கியாயிற்று. கரையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கோபமாக அல்ல, இனி எங்கே போவது என்று கேட்பவர்களைப் போல.

காருக்கு வந்ததும் பின்கதவைத் திறந்து ஏறி, ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தார். அவர் ஏறிய பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது.

"கெளம்பலாமா சார்?"

"கொஞ்சம் இரும்மா. ஏறட்டும்."

யார் என்று அவள் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி லேசாக ஒரு முறை தாழ்ந்தது. பிறகு இன்னொரு முறை. கடைசியாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, மிக மெல்ல.

சக்கரத்துக்கு அடியில் கரை மண் ஈரமாகத்தான் இருந்தது.