மணல் அறைக்கு ஒருத்தி

“நான் போறேம்மா,” என்று சின்ன மகன் சொன்னதும் மாமியார் கரண்டியை ணங்கென்று கீழே போட்டாள்.

“வாயை மூடுடா. உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.” பிறகு மூத்த மருமகளைப் பார்த்தாள். “நீ போ. உனக்கு இனிமே என்ன இருக்கு?”

மூத்த மகன் போன மாதம்தான் செத்தான். சட்டிக் கம்பெனியில் மணல் அடிக்கிற வேலை அவனுக்கு. அலுமினியச் சட்டி வழுவழுவென்று இருந்தால், அடிப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு அதில் நிற்காது. அதனால் மூடிய அறைக்குள் குழாய் வழியே மணலைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். அந்தத் தூசி அவன் நுரையீரலில் தங்கிவிட்டது. செத்தவனின் வேலையை அந்த வீட்டிலேயே ஒருவருக்குத் தருவதாகக் கம்பெனி பெரிய மனது பண்ணியிருந்தது.

“அந்த ரூம்தானே அத்தை அவரைத் தின்னுச்சு?”

“அதுக்கு எம்புள்ள ரெண்டு பேரையும் குடுக்கணுமா? முடியாதுன்னா உம்பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு.”

கிளம்பிப் போக இடமில்லை. கொழுந்தன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

கம்பெனியில் மேஸ்திரி அவளுக்குப் புதுக் கையுறை கொடுத்தார். “மணல் அடிச்ச சட்டிய வெறுங்கையால தொட்டுடாதம்மா. விரல் பட்ட எடத்துல பூச்சு உரிஞ்சிடும்.”

“மூக்குக்கு?”

“துணி கட்டிக்க. உன் வீட்டுக்காரரும் அதான் கட்டினாரு.”

சட்டிக்கு இருந்த மரியாதை மனுஷிக்கு இல்லை. அவள் பழைய துண்டு ஒன்றை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் கொழுந்தனுக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் பேச வந்தது. சமையலறையிலிருந்து இருமல் கேட்டது.

“யாரு அது?” என்றாள் பெண்ணின் அம்மா.

“வேலைக்காரி,” என்றாள் மாமியார், கூசாமல்.

அதைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை. இன்னொருத்தியும் இந்த வீட்டில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று நேரே முன்னறைக்கு வந்தாள்.

“நான் இந்த வீட்டு மூத்த மருமக. என் வீட்டுக்காரரு மணல் ரூம்லதான் வியாதி பிடிச்சுச் செத்தாரு. இவரு அங்க போகக் கூடாதுன்னு என்னை அனுப்பிட்டாங்க. நல்லா யோசிச்சுப் பொண்ணு குடுங்க.”

பெண்ணின் அம்மா மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் நோய்நொடி இல்லாமல் கல்லுக்குண்டு போல உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். யோசிக்கத்தான் செய்தாள்.

“நல்லவேளை, சொன்னியேம்மா,” என்றவள், மாமியார் பக்கம் திரும்பினாள். “புள்ளைய இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்களே! எம்பொண்ணு இவளை மாதிரி தாலியறுத்து நிக்க மாட்டா. எங்களுக்குச் சம்மதம்.”