நான்கு ஓட்டங்களுக்கு ஒரு சொல்

1

இவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மழைக்கு எதைக் கொடுப்பேன்?

ஹிலரி இப்படித்தான் நினைத்திருப்பாள். (நான் கேட்கவில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பதினெட்டு வருடம் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியாக இருந்தவள் இந்த அளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம்.) வேலிக்கு மேலாக அவள் சொல்லிச் சிரித்த சண்டைதான் இந்தக் கதை.

சண்டை ‘ரிலென்ட்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்காக. ஓயாமல், இரக்கமில்லாமல் மேலே மேலே வந்துகொண்டே இருப்பது. எங்கள் ஊரில் நவம்பர் மழையை அப்படிச் சொல்வோம்.

2

சனிக்கிழமை மாலை வெயில் பொன்னாக— [வேண்டாம். தூறல்தான்.]

அந்தத் தூறலில் ஹிலரியின் கணவர் கிளைவ் தன் கடைசி கிரிக்கெட் ஆட்டத்தை ஆடினார். இரண்டு மணி நேரம் மட்டையோடு நின்று நான்கே ஓட்டம். தோற்கவேண்டிய ஆட்டம் டிராவில் முடிந்தது. ஊர்ப் பத்திரிகைக்குப் பதினான்கு வருடமாக ஆட்டக் குறிப்பு எழுதுகிறவள் ஹிலரி. விடைபெறுகிறவரின் கடைசி ஆட்டத்தைப் பற்றிய குறிப்பைச் சட்டம்போட்டு கிளப்பின் தேநீர் அறையில் மாட்டுவது வழக்கம். எழுதியது எழுதியதுதான், காலத்துக்கும் தொங்கும்.

“ரிலென்ட்லெஸ்னு போடு, கண்ணு.”

“அது பந்து போடறவனுக்குச் சொல்றது. நீ எங்க போன? நின்ன எடத்துலயே நின்ன.”

“ரெண்டு மணி நேரம்!”

“நம்ம வாசல் கேட்டும்தான் நிக்குது.”

3

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். பால் வாங்கப் போன கடையிலிருந்து தொலைபேசியில் கேட்டார்.

[இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி மேலே மேலே வருகிறாரே, சொல் இப்போது பொருந்திவிட்டதே!] வேலியோரம் நின்ற கிளைவிடமே அதைச் சொல்லித் தொலைத்தேன். உள்ளே ஓடினார்.

“பாத்தியா, பக்கத்து வீட்லயே ஒத்துக்கிட்டாங்க!”

“சமையக்கட்டுல சரி. மைதானத்துல இல்ல.”

4

முடிவு ஒன்று: அவள் விட்டுக்கொடுக்கிறாள். எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பாத ஒரு சொல்லை எழுதியறியாத அவள் கை என் தாளிலேயே தயங்கியது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கிளைவ் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல்— [கிளைவா? சாப்பிடாமலா?]

அவள் எழுதியது இது: ‘கிளைவ் நின்றார். ஆறு பேர் மாறி மாறிப் பந்து வீசினார்கள். களைத்தது அவர்கள்தான்.’

கிளைவ் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஓரமா அந்த ஒரு சொல்லையும்...”

இன்னும் எத்தனை நாள் கேட்பார் என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் அறிந்தது இவ்வளவுதான்: ஹிலரி அவர் கன்னத்தில் முத்தமிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“மாட்டேன்.”